முகம் வேண்டாம், கை போதும்

"இன்னும் மெதுவா தைங்கக்கா" என்றார் இன்ஜினியர் தருண்.

பதினொரு வருடத்தில் பெங்களூரு பொம்மசந்திராவின் இந்தச் சட்டைக் கம்பெனியில் சொர்ணத்திடம் யாரும் மெதுவாகத் தைக்கச் சொன்னதில்லை. சீக்கிரம் என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் கேட்டிருக்கிறாள். மெதுவாகத் தைப்பது சுகமாகத்தான் இருந்தது.

தருண் மெஷினுக்கு மேலே ஸ்டாண்டில் மொபைலை மாட்டியிருந்தார். முகம் வேண்டாம், கை போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வீடியோ எதற்கு என்று கேட்டபோது அவர் மறைக்கவில்லை. சட்டை தைக்கும் ஆர்டர் அடுத்த மாதம் எத்தியோப்பியாவுக்குப் போகிறது. அங்கே கூலி இதைவிடக் குறைவு. அங்குள்ள பெண்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

அப்போது இந்த லைனில் தைப்பவர்கள்? அதைக் கேட்டதும் அவர் மொபைலைச் சரிசெய்யத் தொடங்கினார்.

லைனில் அறுபது பேர். சொர்ணத்துக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த வயதுக்காரியை ஓசூர் ரோட்டில் எந்த கம்பெனி கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

ஆனாலும் ஒழுங்காகத்தான் தைத்தாள். தன் குழியைத் தானே தோண்டுவதென்றாலும் அதைக் கோணலாகத் தோண்ட அவளுக்கு வராது.

காலரைத் திருப்பினாள். முனையை நெம்பிக் கூராக்கினாள். தைத்ததை ஓரமாக வைத்துவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் இரண்டு முறை அழுத்திவிட்டாள்.

தருண் வீடியோவை நிறுத்தினார். அது எதற்கு, ஒரு காலருக்கு இரண்டு செகண்ட் வீண்தானே என்றார்.

சொர்ணம் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

சேர்ந்த புதிதில் அவளும் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் காலர் கற்றாள். எந்த நாட்டிலோ எடுத்தது. அதிலும் முகமில்லை. பச்சைக்கல் வளையல் போட்ட கை மட்டும். ஒவ்வொரு காலர் முடிந்ததும் அந்தக் கை இன்னொரு மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தும். அதுவும் வேலையில் ஒரு பகுதி என்று நினைத்து லைன் மொத்தமும் அப்படியே பழகிக்கொண்டது.

சொர்ணத்துக்கு மணிக்கட்டில் வலி வந்தது பிறகுதான், ஐந்தாறு வருடம் கழித்து.

வளையல்காரிக்கு அன்றைக்கே வலித்திருக்கிறது. ஆர்டரை இங்கே அனுப்புவதற்கு முன் அவளையும் யாரோ மெதுவாகத் தைக்கச் சொல்லியிருப்பார்கள். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் சொர்ணத்துக்கு அது உறைத்தது.

"அதுவும் வேலைதான் சார். கட் பண்ணாதீங்க."

தருண் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடியும் வீடியோவை ஓடவிட்டார்.

சொர்ணம் அடுத்த காலரைத் தைத்து முடித்தாள். பிறகு கையை மொபைலுக்கு நேர் கீழே கொண்டுவந்து, முன்னைவிட மெதுவாக, இரண்டு முறை அழுத்திக் காட்டினாள்.