வழக்கு ஏதும் இல்லை

"வழக்கு ஏதாவது நிலுவையில இருக்கா?" கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் உதவி ஆய்வாளர் சேரன்.

"ஒண்ணுகூட கிடையாது சார்" என்றான் ஜவஹர், சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

"ஆமா, ஸ்டேஷன்லயும் பார்த்துட்டேன். எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு." பேனா ஓடியது. வழக்கு ஏதும் இல்லை.

சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள் சந்திரிகா. இந்த ஒரு கேள்வியைத்தான் பத்து நாளாக மலைபோல் நம்பியிருந்தாள். அடிதடி வழக்கு இருக்கிறவனுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கிடைக்காது என்று எப்போதோ டிவி செய்தியில் கேட்டது அவள் காதிலேயே நின்றிருந்தது.

அவள் புருஷன் ஜவஹருக்கு வழக்கு இருந்தது. தங்கையைப் பார்க்க வேளச்சேரியிலிருந்து வந்த அவள் அண்ணன் சுரேஷ்குமாரின் தாடையைப் பெயர்த்து அனுப்பியவன் அவன்தான். சைதாப்பேட்டை கோர்ட்டில் மூன்று வாய்தா ஆகிவிட்டது.

அதைப்போய் 'சுத்தம்' என்கிறாரே இந்த மனுஷர்! சரிதான், இவரையும் வாங்கிவிட்டான்.

தியாகராய நகரில், நகைக்கடை கீழே, வீடு மேலே. படி இறங்கும் இடத்தில் ஒரு கிரில் கேட், அதன் சாவி ஜவஹரின் சட்டைப்பையில். கீழே தெருவில் "எதை எடுத்தாலும் நூறு ரூபா" என்று ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்துவது மேலே கேட்கும். மேலே அவள் கத்தியது ஒருநாளும் கீழே கேட்டதில்லை.

"லைசென்ஸ் வரட்டும்ளா" என்று நேற்றுச் சாப்பிடும்போதுகூடச் சொன்னான். "அதுக்கப்புறம் ஒங்கண்ணன் இந்தப் படி ஏறட்டும். இல்ல, நீ இந்தப் படி எறங்கு. பாத்துக்கிடுதேன்." சொல்லிவிட்டு, ரசம் கேட்டான்.

"ஏளா, காப்பிய கொண்டா, சார் எவ்வளவு நேரமா உக்காந்திருக்காவ!"

சந்திரிகா காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். வைக்கும்போது வேண்டுமென்றே தலைமுடியை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். நகைக்கடைக்காரன் பெண்டாட்டி காதில் பொட்டுத் தங்கம் இல்லை. சோணை கிழிந்து, நாலு தையல்.

சேரன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, காதுல?"

"தூங்கும்போது ஜிமிக்கி தலகாணி உறையில மாட்டிக்கிட்டு சார்" என்றான் ஜவஹர். "சொன்னா கேக்க மாட்டா. கனமா போட்டுக்கிட்டே படுப்பா."

"எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று சிரித்தார் சேரன். காப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "குடிப்பழக்கம்? மனசு சம்பந்தமா வைத்தியம் எதாவது?"

"ரெண்டும் கிடையாது."

"அக்கம்பக்கத்துல தகராறு?"

"சே சே. தங்கம்னுதான் சொல்லுவாங்க. கீழ எந்தக் கடையில வேணாலும் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் மேல வந்தேன். அப்படியேதான் சொன்னாங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சந்திரிகா சுவரோடு ஒட்டி நின்றாள். இதோ, இன்னும் ஒரு கையெழுத்து. அப்புறம் இந்த மனுஷர் தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்குவார், கேட் சாத்தப்படும், வீட்டுக்குள் துப்பாக்கி வரும். அண்ணனை இனி வராதே என்று சொல்லக்கூட அவள் கையில் போன் இல்லை.

"கடைசியா ஒண்ணு" என்றார் சேரன். "உயிருக்கு ஆபத்து இருக்குன்னு விண்ணப்பத்துல போட்டிருக்கீங்க. யாரால?"

"அதான் சார், தங்கம் வெச்சிருக்கோம். கொள்ளைக்காரப் பசங்க, வேலைய விட்டுப் போன ஆளுங்க..."

"இருங்க சார். இதுக்கு விண்ணப்பிச்சவங்க வாயாலயே பதில் வரணும்."

"நாந்தானே சொல்லுதேன்?"

"நீங்களா விண்ணப்பிச்சீங்க?" சேரன் பேனாவை மூடினார். "உங்க பேர்ல வந்திருந்தா நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன். கோர்ட்டுல அடிதடிக் கேஸ் நடக்குற ஆளுக்கு யார் சார் துப்பாக்கி குடுப்பாங்க?"

கோப்பைத் திருப்பிச் சந்திரிகாவின் பக்கம் நகர்த்தினார். முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தது அவளுடைய புகைப்படம். கீழே அவளுடைய கையெழுத்து. ஆடிட்டர் காகிதங்களோடு சேர்த்து, அவன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்தாளே, அதில் ஒன்று.

"பேருக்குத்தான் சார் அவ!" ஜவஹர் எழுந்துவிட்டான். "கடையும் அவ பேருல ராசிக்காக வாங்குனதுதான். நடத்துறது நான்."

"கடையை யார் வேணா நடத்தலாம். துப்பாக்கி அப்படி இல்ல. யார் பேர்ல இருக்கோ அவங்க கையிலதான் இருக்கணும், நீங்க தொட்டாலே உள்ள போவீங்க. உக்காருங்க சார்."

ஜவஹர் உட்கார்ந்தான். கண் மட்டும் அவளை விட்டு நகரவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே எழுதி, உங்க கையெழுத்து வாங்கி, கமிஷனர் ஆபீசுக்கு அனுப்பணும்" என்றார் சேரன், பேனாவைத் திறந்துகொண்டு. "உங்க உயிருக்கு யாரால ஆபத்து?"

சந்திரிகா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்த வீட்டில் அவளைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

"இவராலதான் சார்."