வேளாங்கண்ணிக்கு ஒரு கேரவன்

சினிமா கம்பெனி ஒன்று கழித்துக்கட்டிய பழைய கேரவனைப் புதுவாயலில் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, மூன்று மாதமாகத் தானே பழுதுபார்த்துக்கொண்டிருந்தான் ஃபிட்டர் வேலை பார்க்கும் தானியேல். திருவிழாவுக்கு மனைவி ஜெனிபரோடு அதில் வேளாங்கண்ணி போக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

ஒழுகிய கூரைக்குத் தகரம் அடித்தான். துருப்பிடித்த தரையைப் பெயர்த்துவிட்டு பிளைவுட் போட்டான். ஜெனிபர்தான் லேசில் மசியவில்லை.

“மிக்சிக்கு பிளக் பாயிண்ட் எங்கய்யா?”

“நாலு நாள் டூருக்கு மிக்சி எதுக்கு ஜெனி?”

“சட்னி இல்லாம நாஷ்டா துன்னுவியா நீ?”

போட்டுக் கொடுத்தான். பிறகு அவள் துணி வைக்க அலமாரி கேட்டாள், ஜன்னலுக்குக் கொசுவலை கேட்டாள், மாதா படத்துக்கு ஸ்டாண்டு கேட்டாள். தான் வேலை பார்க்கும் கம்பெனியில் மேனேஜர் சொல்லைக்கூட தானியேல் இப்படித் தட்டாமல் கேட்டதில்லை.

லீவு கிடைத்த அன்று காலை இன்ஜின் ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டது.

“ஜெனி, கெளம்பலாமா?”

ஜெனிபர் ஏறிவந்து குழாயைத் திறந்தாள், ஃபேனைச் சுழலவிட்டாள், கட்டிலில் உட்கார்ந்தும் பார்த்தாள்.

“சூப்பரு. இனிமே ஒரு கொறையும் இல்ல” என்றவள், கேட் அருகே பெட்டி படுக்கையோடு நின்ற நான்கு பேரைக் கூப்பிட்டாள். “உள்ள போங்க தம்பி, சாவி கதவுலயே கீது.”

“யாரு இவங்க?”

“புதுசா தொறந்த கம்பெனி ஆளுங்க. நம்ப ஊட்ட வாடகைக்கு உட்டுட்டேன். நமக்குத்தான் இது கீதே!”

தானியேல் இன்ஜினை அணைத்தான்.

“அப்போ வேளாங்கண்ணி?”

“போலாமே! இனிமே ஊட்டப் பூட்டிக்கினு போற பேஜாரே இல்ல.”