நாற்காலியில் வைத்த பெட்டி

கைபேசிப் பாட்டைப் பெருக்கித் தரும் ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயரோடு, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால், முதலில் அந்தப் பெட்டியை நாம் உட்காரும் நாற்காலியில் வைக்க வேண்டும். பாட்டை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். தாழ்ந்த ஒலி எங்கே தெளிவாகத் திரள்கிறதோ, அதுதான் பெட்டியின் இடம். அங்கே அதை வைத்தால், அதே ஒலி நாற்காலிக்கு வந்து சேரும்.

ஜெசிந்தா தவழ்ந்துகொண்டிருந்தாள். மிச்சமிருக்கும் செவித்திறனும் கிறிஸ்துமஸுக்குள் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"காது போற நேரத்துல இது எதுக்கும்மா?" என்றாள் மகள் ஸ்டெல்லா, கைபேசியில் ஒலியைக் கூட்டியபடி.

ஜெசிந்தா காதுக்கருவிகள் இரண்டையும் கழற்றி அவளிடம் நீட்டினாள். உள்ளங்கைகளைத் தரையில் பரப்பி நகர்ந்தாள். ஜன்னலோரம் ஒன்றுமில்லை. மூலையில் அதிர்வெல்லாம் கலங்கிக் கிடந்தது. சாப்பாட்டு மேசைக்கு அடியில், ஒவ்வொரு தாளமும் தனித்தனியாக முழங்கை வரை ஏறியது.

"மேசையைத் தூக்கு!" என்று கத்தினாள்.

எங்கே சாப்பிடுவதாம் என்று ஸ்டெல்லா சைகையில் கேட்டாள்.

"நின்னுக்கிட்டுச் சாப்பிடு."

அதற்குள் மேசை ஜெசிந்தாவின் முதுகில் ஒரு விரற்கடை எழும்பியிருந்தது.