ஒரு சாண் குறைவு

"திருட்டுத்தனம் வெளியே வந்துடுச்சு! எல்லாரும் ஓடி வாங்க!"

மில்லில் ஃபிட்டராக இருந்தவன் போட்ட சத்தத்தில், மழைநீர்க் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள்.

அவன் ஒரு கையில் அளவுக்காரரிடமிருந்து பிடுங்கிய மூங்கில் கோல். இன்னொரு கையில் தன்னுடைய பழைய இரும்பு டேப்.

"ரெண்டு மீட்டர் கோலாம்! பாருங்க, ஒரு சாண் குறையுது!"

மில் மூடி வேலை இழந்தவர்களுக்காக அரசாங்கம் ஆரம்பித்த நிவாரண வேலை அது. ஒரு ஜோடி ஒரு நாளில் பத்துக் கோல் நீளம் வெட்டினால் முழுக் கூலி. ஒரு கோல் குறைந்தாலும் பாதிதான். நூலைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கைகள், இருட்டுவதற்குள் எப்படியோ முக்கி முனகிப் பத்தைத் தொட்டுவிடும்.

"அதான் இந்த ஆளு சிரிக்கவே மாட்டேங்கிறான்!"

"நம்ம வயித்துல அடிச்சிருக்கான்யா!"

"சட்டையைப் பிடிங்கப்பா!"

தூரத்தில் என்ஜினீயரின் ஜீப் வருவதைப் பார்த்ததும் அளவுக்காரரின் முகம் வெளிறியது.

"தம்பி, அந்தக் கோலை முதல்ல ஒளிச்சு வை. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்க."

"கேட்டீங்களா கதையை? ஒளிச்சு வைக்கணுமாம்! ஜீப் வரட்டும்யா, இன்னியோட உன் வேலை காலி!"

"ஏங்க, சும்மா கத்தினா ஆச்சா?" என்றாள் அவனோடு மண் சுமக்கும் மனைவி. "நேத்து நாம வெட்டினதைப் பத்துக் கோல்னாரே, அதை டேப்பால அளங்க. எவ்வளவு ஏமாத்தினார்னு தெரிஞ்சாதானே மிச்சக் கூலியைக் கேட்கலாம்?"

"பன்னெண்டுக்குக் குறையாது, பாரு!"

அவள் ஒரு முனையைப் பிடித்தாள். அவன் இரண்டிரண்டு மீட்டராக அளந்துகொண்டே போனான். கரையில் நின்ற கூட்டம் கோரஸாக எண்ணியது.

"ஏழு... எட்டு... ஒன்பது..."

அங்கே நேற்றைய பள்ளம் முடிந்துவிட்டது.

"டேப்பை இழுத்துப் பிடிடி!"

மறுமுனையிலிருந்து அளந்தான். அப்போதும் ஒன்பதுதான்.

மனைவி, துணி சுற்றியிருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"அப்போ... முழுக் கோலால அளந்திருந்தா, நமக்கெல்லாம் இத்தனை நாளும் பாதிக் கூலிதானா?"

ஜீப் வந்து நின்றது. ஃபிட்டர் கோலை முழங்காலில் வைத்துப் படக்கென்று ஒடித்தான்.

"என்னய்யா கூட்டம்? என்ன சத்தம்?" இறங்கும்போதே அதட்டினார் என்ஜினீயர்.

"அளவுகோல் ஒடிஞ்சுபோச்சு சார். பாவம், அண்ணன் பதறிப்போயிட்டாரு. அதான் எல்லாரும் ஓடி வந்தோம்."

"சரி சரி, உடனே புதுசு வெட்டுங்க. அளவு சரியா இருக்கணும். யார்கிட்டயாவது டேப் இருக்கா?"

டேப்பைச் சட்டைக்குள் நழுவவிட்டான் ஃபிட்டர்.

"டேப் எதுக்கு சார்? இந்த ரெண்டு துண்டையும் சேர்த்து வெச்சு நானே வெட்டித் தர்றேன். பழைய அளவு... ஒரு நூல் பிசகாது!"