உட்கார்ந்தே தேய்ந்த எலும்பு

“சத்தியமாச் சொல்றேண்ணே, இந்த எலும்புக்குச் சொந்தக்காரர் தண்ணி குடிக்கக்கூட எழுந்திருச்சிருக்க மாட்டார்!”

கம்ப்யூட்டர் திரையைக் காட்டிச் சிரித்தாள் சிட்டு. எலும்பின் பலத்தைச் சோதிக்கும் அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் ஆராய்ச்சி மாணவி. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். எலும்பை அழுத்தி உடைக்கும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு ‘நொறுக்கு அண்ணன்’ என்று பெயர் வைத்தவளும் அவளேதான்.

திரையில் ஸ்கேனர் எடுத்த படம். தொடை எலும்பின் உருண்டைத் தலை. உள்ளே நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

“பாருங்க, பழைய ஸ்வெட்டர் மாதிரி இருக்கு. நடந்தாத்தானே எலும்பு கெட்டிப்படும்? மனுஷன் நாற்காலியையே கல்யாணம் பண்ணிக்கிட்டார் போல.”

“யாரு பெத்த புள்ளையோ, உன் வாயில விழுந்து எழுந்திருக்குது!” என்றபடி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பிரித்து எலும்பை எடுத்தார் அண்ணன்.

மருத்துவமனையிலிருந்து வரும் எலும்புகளுக்கு அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடையது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த, சிட்டுவின் வழிகாட்டிப் பேராசிரியர் கனைத்தார். நீண்ட விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார்.

“எலும்பைப் பாத்து ஆளை எடை போடாதேம்மா. உன் கணக்கு என்ன சொல்லுது?”

“நானூறு கிலோ வரைக்கும் தாங்கும் சார். அதோட சரி.”

“அறுநூறு தாங்கும்.”

“எதை வச்சு சார் சொல்றீங்க?”

“அனுபவம்!”

பக்கத்துக் குளிர் அறையில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள், இந்த ஓர் எலும்பின் படத்தை லட்சக்கணக்கான துணுக்குகளாகப் பிரித்து வாரம் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தன. முந்தைய இரண்டு எலும்புகளிலும் அந்தக் கணக்கு காலை வாரிவிட்டது. இதுவும் பிசகினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். இது தெரிந்தும் இந்த மனிதர் இப்படிப் பேசுகிறாரே!

“சார், நீங்க என் கட்சியா, எலும்பு கட்சியா?”

“இன்னிக்கு எலும்பு கட்சி” என்றார் அவர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

அண்ணன் பொத்தானை அழுத்தினார். இயந்திரத்தின் இரும்புக் கை கீழே இறங்கி எலும்பைத் தொட்டது. எண்கள் ஏறின. நூறு... இருநூறு...

“மெதுவாப்பா, மெதுவா!” பேராசிரியர் பதறினார்.

“இதுக்கு மேல மெதுவாப் போனா மெஷின் தூங்கிடும் சார்.”

முந்நூறு... முந்நூற்றைம்பது... சிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நானூறு. எலும்பு அசையவில்லை. நானூற்று ஐந்து.

“பாத்தியா? நான்தான் சொன்னேனே! தாங்குடா ராஜா, தாங்கு!” பேராசிரியர் கைதட்டினார்.

சிட்டுவின் கண்ணில் நீர் முட்டியது.

சடக்!

திரையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று நின்றது.

“அடி சக்கை! மயிரிழையில பிடிச்சுட்டியே!” என்று அண்ணன் கத்த, சிட்டு துள்ளிய துள்ளலில் நாற்காலி உருண்டு சுவரில் போய் மோதியது.

காற்றுப் போன பலூன் மாதிரி இருந்த பேராசிரியர், கொஞ்ச நேரத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“பிரமாதம்மா. உக்காந்து ஆய்வேட்டை எழுதி முடி. பட்டம் உனக்குத்தான்.”

“அப்போ ஏன் சார் இவ்வளவு நேரம் என்கூட மல்லுக்கட்டினீங்க?”

அவர் கைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

“நீதான் ஜெயிச்சே, ஒத்துக்கறேன். நடங்க நடங்கன்னு வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டே, நான் காதுல போட்டுக்கலை... ஆமா, சோதனை இப்பத்தான் முடிஞ்சுது. இடுப்பு மூட்டு ஆபரேஷன்ல எடுத்த என் எலும்பை, என் கண்ணு முன்னாலேயே நொறுக்கிட்டாங்க!”