இளஞ்சிவப்பு ஆயில்

பிரேக்கின் கீழ்த் திருகைத் திறந்ததும் ஊசிக் குழாயில் ஏறிய ஆயில் மஞ்சளாக இருந்தது.

மூக்கருகே கொண்டுபோகத் தேவையே இல்லை. நாமக்கல் பட்டறையில் பதினெட்டு வருடம் வேனுக்கும் மினி லாரிக்கும் ஊற்றிய பிரேக் ஆயில் வாடை எனக்குத் தெரியாதா?

ஊற்றியதும் நான்தான். ஜூலையில் இதே சைக்கிளின் இரண்டு பிரேக்கிலும் பழைய ஆயிலை இறக்கிவிட்டுக் காற்று எடுத்தேன். அன்று உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாக வந்தது. "இதென்ன சாமி, ரோஸ்மில்க்கா?" என்று சிரித்துவிட்டுக் கீழே கொட்டினேன். லாரியையே நிறுத்துகிற ஆயில் ஒரு சைக்கிளை நிறுத்தாதா என்ற திமிர்.

பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பரை நெம்பி எடுத்தேன். லாரி ஆயில் பட்டு, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போயிருந்தது.

பிரேக் லிவரின் மூடியைத் துடைத்துப் பார்த்தேன். மினரல் ஆயில் மட்டும் என்று ஆங்கிலத்தில் பொடியாக அச்சடித்திருந்தது. நான் கீழே கொட்டிய அந்த இளஞ்சிவப்புதான் அது. ஜூலையிலும் அந்த எழுத்து அங்கேதான் இருந்திருக்கும். கண்தான் இல்லை எனக்கு.

மேசைக்கு அந்தப் பக்கம் சைக்கிளுக்குச் சொந்தக்காரி தனப்பிரியா நின்றிருந்தாள். மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆகிறது. இடது கை இளைத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது.

சுதந்திர தினத்தன்று கொல்லிமலை இறக்கத்தில், இருபத்திரண்டாவது வளைவில், இரண்டு லிவரும் பிடிப்பில்லாமல் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டன. நேராகப் போய்ச் சுவரில் மோதினாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. அவளுடைய அப்பாவை வைத்துக்கொண்டே, "எறக்கம் பூரா பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வந்தா அது எரியாம என்ன பண்ணும்?" என்று புத்தி சொன்னேன். அவள் நல்ல கையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பெரியவங்க பேசும்போதும் இதுகளுக்குப் போன்தான் என்று வீட்டுக்கு வந்து குறைபட்டுக்கொண்டேன்.

இன்று அந்த அப்பா, எருமப்பட்டி சின்னான், கடை வாசலில் மொபெட் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, மிசின்ல கோளாறா, இவ ஓட்டுனதுல கோளாறா? ஒண்ணச் சொல்லிப்போடுங்க. இவ கோளாறுன்னா இன்னைக்கே வித்துப்போடறேன். கையக் கால ஒடிச்சுக்கிட்டு பந்தயம் ஒண்ணும் வேண்டாம்."

ஜனவரியில் மாநில அணிக்குத் தேர்வு. நாலு வருடமாக அதற்காகத்தான் அவள் அந்த மலையில் ஏறி இறங்கினாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மிசின்ல கோளாறுங்க, நான் பண்ணுன கோளாறுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் பிரேக் என்றால் சிவபிரகாஷ் என்று சொல்லித்தான் ஊரில் பாதிப்பேர் என்னிடம் வருகிறார்கள். ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவளே முந்திக்கொண்டாள்.

"என் தப்புத்தானுங்கண்ணா. வளைவு பூரா புடிச்சுக்கிட்டே எறங்கீட்டேன். சூடாகிப் போச்சு. அப்படித்தானுங்களே?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"ஆமா சாமி," என்றேன். அதோடு விட்டேனா? "விட்டு விட்டுப் புடிக்கோணும்னு அன்னைக்கே சொன்னனல்ல?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"செரிங்க, நல்ல ஆளாப் பாத்துத் தள்ளி உட்ருங்க," என்று சின்னான் மொபெட்டை உதைக்கப் போய்விட்டார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையிலிருந்து ஒரு பார்சல் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு கையால் அதைத் திறந்தாள். உள்ளே சீல் உடைக்காத சின்ன பாட்டில். இளஞ்சிவப்பு.

"விக்கறதுக்கு முந்தி இத ஊத்தீருங்கண்ணா. வாங்கறவங்களும் மலைக்குப் போவாங்கல்ல."

அப்பாவுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து வலது கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். பத்தடிகூட இருக்காது. மொபெட் முக்கைத் திரும்பும்வரை ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மடையன்.

பிறகு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பாட்டிலுக்கு அடியில் பில் மடிந்து கிடந்தது. அதில் ஆர்டர் போட்ட தேதி இருந்தது.

ஆகஸ்ட் பதினேழு. நான் சாத்துக்குடியோடு போன ஞாயிற்றுக்கிழமை.