இருண்டு நடந்த யானை

யானையின் இடது காது அசையாமல் நின்றுவிட்டது.

அவன் மட்டுமே அதைக் கவனித்தான். காதை வீசி வீசித்தான் யானை தன் உடற்சூட்டை ஆற்றிக்கொள்ளும். வீசாமல் விறைத்து நின்றால், எதற்கோ மிரள்கிறது.

மேளங்களுக்கு அல்ல. ஏழு வருடமாகப் பெரஹரா ஊர்வலத்தில் நடக்கும் யானை அது.

அவன் அதன் பக்கத்திலேயே நடந்தான். தோளில் பேட்டரி. அதிலிருந்து ஏறிய வயர், யானையின் சிவப்புப் போர்வையில் தைத்த நூற்றுக்கணக்கான பல்புகளை எரித்தது. பன்னிரண்டு வோல்ட். தொட்டால் அடிக்காது. ஆனால் ஓர் இணைப்பு தளர்ந்தால் போதும், அந்த இடம் அடுப்பாகிவிடும்.

போர்வைக்கு அடியில் கைவிட்டான்.

கழுத்தருகே சுட்டது.

மாலை மழையில், அவசரத்தில், அவனே முறுக்கிய இணைப்பு.

வயரைப் போர்வையோடு தைத்திருந்தார்கள். இழுத்தால் வராது. பிளக்கைப் பிடுங்கலாம். பிடுங்கினால், புனிதப் பேழைக்கு முன்னால் போகும் யானை இருண்டுபோகும்.

வீதியோரத் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சனம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. மடிகளில் பிள்ளைகள்.

யானை ஓர் அடியைப் பக்கவாட்டில் வைத்தது.

பிடுங்கினான்.

“சாது, சாது” என்ற வழிபாட்டுக் குரல்கள் அறுந்தன.

“அம்மா, யானைக்குக் கரண்ட் போயிட்டு!”

லைட் கடை முதலாளி பின்னாலிருந்து ஓடி வந்தார்.

“டேய் சீலன், என்னடா செஞ்ச? போடுடா லைட்ட!”

“யானைக்குச் சுடுது, முதலாளி.”

“இன்னும் அரை மைல்தானடா. அதுக்குள்ள செத்தா போயிரும்?”

பிளக்கைப் பிடித்திருந்த கை விரியவில்லை.

முன்னால் போன பாகன் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தினார். ஓரத்து வரிசையிலிருந்து இரண்டு தீப்பந்தக்காரர்கள் விலகி வந்து யானையின் இருபுறமும் நடந்தார்கள். தேங்காய்க் கொப்பரை எரியும் மஞ்சள் வெளிச்சத்தில் தந்தம் மட்டும் தெரிந்தது. பிறகு நெற்றி.

பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

முதலாளி அவன் தோளிலிருந்து பேட்டரியைக் கழற்றினார்.

“நாளையிலேர்ந்து கடைப்பக்கம் வராத. இப்பவே போ.”

அவன் போகவில்லை.

மின்சாரம் நின்றதும் சூடு நின்றுவிடாது. செம்பு ஆற வேண்டும். அதுவரை, இணைப்புக்கும் யானையின் தோலுக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தபடி கூடவே நடந்தான்.